டேட்டா லாகர் சென்சார் பொருத்தும்போது: டேம்பர், வீல் ஸ்பீடு, பிரேக் பிரஷர் மூணுலயும் கிராஃப் சரியா வரல

கொழிஞ்சை கராஜ்:

வணக்கம்ங்க. கொழிஞ்சாம்பாறையில ஒரு சிங்கிள் சீட்டர் வண்டிக்கு டேட்டா லாகர் (சென்சார் அளவுகளைப் பதிவு பண்ற பெட்டி) ஏத்தியிருக்கோம். ட்யூப் சேசிஸ், நாலு பக்கமும் வீல் அசைவை டேம்பருக்குக் கடத்துற புஷ்ராடு (தண்டு), ராக்கர் (திரும்புற நெம்பு). ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல் எஞ்சின், 13 இஞ்ச் வீல். ஓட்டிப் பார்க்கிறது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில. லாகர்ல 8 அனலாக் சேனல், 4 டிஜிட்டல் சேனல் இருக்கு.

இப்ப மாட்டியிருக்கிறது: நாலு டேம்பருக்கும் (ஷாக் அப்சார்பர்) 75 மி.மீ. லீனியர் பொட்டென்ஷியோமீட்டர், சுருக்கமா பொட், நீட்சியை வோல்ட்டா காட்டுறது (டேம்பர் ஸ்ட்ரோக் 60 மி.மீ.). முன், பின் பிரேக் லைனுக்கு 100 பார் பிரஷர் சென்சார், 0.5 முதல் 4.5 வோல்ட் அவுட்புட். நாலு வீலுக்கும் ஹால் சென்சார் (பக்கத்துல இரும்பு கடக்கிறதை உணர்றது), டிஸ்க்கைப் பிடிச்சிருக்கிற நாலு எம்6 ஆலன் போல்ட்டைப் பார்த்து எண்ணுது. டேம்பரை 100 ஹெர்ட்ஸ்ல (நொடிக்கு 100 தடவை) பதிவு பண்றோம்.

பிரச்சினை இதுதான்:

பின் டேம்பர் ரெண்டும் 6000 ஆர்பிஎம் பக்கம் வந்தா மெதுவா அலை அடிக்குது, நேர் ரோட்டுலயும் வண்டி துள்ளுற மாதிரி. முன் டேம்பர்ல அலை இல்லை, ஆனா கோடு முடி முளைச்ச மாதிரி இருக்கு.

வலது பக்க வளைவுல இடது முன் வீலோட வேகம் மட்டும் சட்டுனு சுழிக்கு (0) விழுது. நேர்ல சரியாயிடுது. சில நேரம் அதே வீல் ரெட்டை வேகம் காட்டுது.

பிரேக் பிரஷர் நாலு லேப் ஓடின பிறகு பெடலை விட்டாலும் முன் லைன்ல 2.5 பார்ல நிக்குது. சென்சாரை மாட்டுற டீ-பீஸ் (T வடிவ மூணு வழி இணைப்பு) 1/8 பிஎஸ்பி குழாய் மரை, நியூமேட்டிக் கடையில வாங்கினது. சென்சார் எம்10×1. டெஃப்லான் டேப் சுத்தி இறுக்கியிருக்கோம், கசிவு இல்லை.

லாகர் பெட்டியையும் ஜிபிஎஸ் ஆன்டெனாவையும் எங்க வைக்கலாம்னும் சொல்லுங்க. ஜூன் மழைக்கு முன்னாடி முடிக்கணும்.


வேலந்தாவளம் வயரிங்:

முதல்ல அந்த டீயைக் கழட்டுங்க தம்பி. மத்ததெல்லாம் அப்புறம். அதைக் கழட்டாம வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

எம்10×1 மரை வெளி விட்டம் 10 மி.மீ., பிட்ச் 1 மி.மீ. 1/8 பிஎஸ்பி 9.73 மி.மீ., இஞ்சுக்கு 28 மரை, அதாவது பிட்ச் 0.907. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும். கையில ரெண்டு மூணு சுத்து உள்ள போகும், பிறகு இறுகும். "நல்லா டைட்டா உக்காந்திருச்சு"ன்னு தோணும், உண்மையில மரை ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கிட்டு நிக்குது. பிடிமானம் அந்த ரெண்டு மூணு மரைதான். காத்துக்கு செஞ்ச பித்தளை டீ பிரேக்கோட பிரஷருக்கும் ஃப்ளூயிடுக்கும் ஆனதில்லை. டெஃப்லான் டேப் அதை விட மோசம்: நூல் நூலா பிஞ்சு லைனுக்குள்ள போய், மாஸ்டர் சிலிண்டர்ல ரிசர்வாயருக்குத் திறக்கிற ஊசித் துளையை அடைக்கும். பிரேக்ல சீல் ஆகறது செப்பு வாஷர்லயோ கோன் சீட்லயோதான், மரையில இல்லை. பிரேக்குக்குன்னே செஞ்ச எம்10×1 ஸ்டீல் டீ வாங்குங்க, ஒவ்வொரு தடவை கழட்டும்போதும் புது செப்பு வாஷர் போடுங்க. லைனை முழுசா ஃப்ளஷ் பண்ணிட்டு பிளீட் பண்ணுங்க (உள்ள இருக்கிற காத்தை வெளியேத்துங்க). சென்சாரை டீக்கு மேல நட்டுக்குத்தலா நிறுத்தினா அதுக்குள்ள காத்து தங்கி பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி ஆகும். படுக்க வையுங்க, இல்லன்னா தலைகீழா.

2.5 பார் விஷயம். லைன்ல நிஜமாவே பிரஷர் மாட்டியிருக்கா, சென்சார்தான் தப்பா காட்டுதான்னு பிரிக்க ஒரு நிமிஷம் போதும். ஓட்டி வந்ததும், எண் 2.5ல நிக்கும்போதே, முன் காலிபர் பிளீட் நிப்பிளைக் கால் சுத்து திறந்து மூடுங்க. ஃப்ளூயிட் சூடா இருக்கும், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கங்க.

எண் சுழிக்கு விழுந்தா பிரஷர் நிஜம். பெடல் புஷ்ராடு மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனை ஓய்விலயும் அழுத்திக்கிட்டு இருக்கு, பிஸ்டன் முழுசாப் பின்னாடி வராம ஊசித் துளையை மூடியிருக்கு. சூட்டுல விரியற ஃப்ளூயிடுக்குப் போக வழி இல்லை, பேட் டிஸ்க்கைத் தேய்ச்சுக்கிட்டே ஓடுது. பெடல் புஷ்ராடுல அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை இடைவெளி (ப்ளே) விடுங்க. டேப் நூல் அடைச்சிருந்தாலும் இதே அறிகுறிதான்.

எண் அசையலைன்னா எர்த்து. உங்க சென்சார்ல 4 வோல்ட்டுக்கு 100 பார், அதாவது ஒரு வோல்ட்டுக்கு 25 பார். எர்த்துல 0.1 வோல்ட் ஏறினாலே 2.5 பார் காட்டும். நாலு லேப் கழிச்சு வருதுன்னா, அந்த நேரத்துல ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்குதான்னு பாருங்க. சென்சாரோட எர்த்தை சேசிஸ்ல போல்ட் போட்டிருந்தா, ஃபேன் இழுக்கிற கரண்ட்டும் அதே இரும்பு வழியா திரும்பும். ஃபேன் ப்ளக்கைப் புடுங்கினதும் 2.5 மறைஞ்சா கண்டுபிடிச்சாச்சு. அனலாக் சென்சார் எல்லாத்துக்கும் 5 வோல்ட்டும் எர்த்தும் லாகர்லேருந்தே வரணும், லாகருக்கே திரும்பணும். சேசிஸைத் தொடக்கூடாது.

முன் டேம்பர் "முடி" பத்தி: மின்சாரமா அதிர்வான்னு ஊகிக்காதீங்க. பொட்டோட கனெக்டரைக் கழட்டிட்டு அதே இடத்துல ஒரு போலிச் சென்சாரைச் செருகுங்க. 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் ரெண்டை வரிசையா சேர்த்து ஒரு முனை 5 வோல்ட், மறு முனை எர்த்து, நடு இணைப்பு சிக்னல். லாகர்ல 2.5 வோல்ட் நேர்க்கோடா வரணும். வண்டியை ஸ்டாண்டுல நிறுத்தி எஞ்சினை 2000லேருந்து 6500 வரை மெதுவா ஏத்துங்க. கோட்டுல முடி இருந்தா வயரிங், இல்லாம போனா பிராக்கெட்.

வயரிங்னா எங்க பார்க்கணும்: இக்னிஷன் காயில் வயரோட சென்சார் வயரை ஒரே கட்டா கட்டியிருக்கீங்களா? குறைஞ்சது 10 செ.மீ. தள்ளிப் போகணும். குறுக்கே கடந்தே ஆகணும்னா செங்குத்தா கடக்கட்டும். ஷீல்டு வயரோட வலையை லாகர் பக்கம் மட்டும் எர்த்து பண்ணுங்க, சென்சார் பக்கம் வெட்டி ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடிடுங்க. ரெண்டு பக்கமும் எர்த்து பண்ணினா வலையிலேயே கரண்ட் ஓடும். ஸ்பார்க் ப்ளக் ரெசிஸ்டர் வகையான்னும் பாருங்க.

இன்னொண்ணு. எல்லா அனலாக் சேனலும் ஒரே நொடியில சரிஞ்சா லாகர் போச்சுன்னு பயப்படாதீங்க. எங்கயோ ஒரு 5 வோல்ட் வயர் தோல் உரிஞ்சு சேசிஸைத் தொடுதுன்னு அர்த்தம். ராக்கர் பக்கம் வளையற இடத்தைத்தான் முதல்ல தடவிப் பார்க்கணும்.


கஞ்சிக்கோடு லேத்:

பின் டேம்பர் பிராக்கெட்டின் படம் இல்லாததால் பொதுவாக எழுதுகிறேன். பொட் எதில் நிற்கிறதோ அது ஆடினால், அந்த ஆட்டத்தையும் சேர்த்தே லாகர் எழுதும். அளவைப் பாருங்கள்: பிராக்கெட் 30 ஹெர்ட்ஸில் வெறும் 0.3 மி.மீ. ஆடினால் அது டேம்பர் வேகக் கணக்கில் நொடிக்கு 56 மி.மீ. ஆகத் தெரியும். உடல் சாய்வு, பிரேக் அழுத்தத்தில் மூக்கு இறங்குவது எல்லாமே பெரும்பாலும் நொடிக்கு 50 மி.மீ. வேகத்துக்குள் நடக்கிற விஷயம். நீங்கள் டேம்பர் கிளிக் (டேம்பரின் இறுக்கத்தை மாற்றும் திருகு) மாற்றுவதற்காகப் பார்க்கிற பகுதி முழுவதையும் அந்த 0.3 மி.மீ. விழுங்கிவிடும்.

ஆகவே 1.5 மி.மீ. தகடு வளைத்த எல் பிராக்கெட் வேண்டவே வேண்டாம். டேம்பரைப் பிடிக்கும் போல்ட்டையே நீளமாக்கி, அதே போல்ட்டில் பொட்டின் ராட் எண்டை மாட்டுவதுதான் சிறந்த வழி. டேம்பர் கண்ணுக்கும் ராட் எண்டுக்கும் நடுவே லேத்தில் கடைந்த ஸ்டீல் புஷ், வெளிப்பக்கம் வாஷரும் நைலாக் நட்டும். இரு முனையும் டேம்பரின் அதே அச்சில் இருந்தால் அளவு ஒன்றுக்கு ஒன்று வரும். தனி பிராக்கெட் தவிர்க்க முடியாத இடத்தில் 3 மி.மீ. மைல்ட் ஸ்டீல், முக்கோண கஸ்ஸெட்டோடு (மூலைக்கு முட்டுக் கொடுக்கும் தகடு). அலுமினியம் என்றால் 5 மி.மீ.க்குக் குறையாமல். சேசிஸ் குழாயில் நேரடியாக வெல்டிங் வைக்கும் முன் வண்டி கட்டியவரையும் விதிப்புத்தகத்தையும் கேட்டுவிடுங்கள். டேம்பர் உடம்பில் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குவதும் ஆபத்து. சுவர் மெல்லியது, சற்றே நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் பிடிக்கும்.

ஸ்ட்ரோக்: 60க்கு 75 என்பது சரியான தேர்வு. ஆனால் நடுவில் உட்கார வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் வீலை முழுக்க இறக்கியும், பம்ப் ரப்பர் நசுங்கும் வரை ஏற்றியும் பாருங்கள். இரு முனையிலும் பொட்டுக்கு 5 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். பொட் டேம்பருக்கு முன்னால் முட்டினால் முதலில் ராட் வளையும், பிறகு வண்டி அந்தப் பக்கம் உயரம் மாறி ஓடும். ராக்கர் திரும்பும்போது ராட் எண்டு பக்கவாட்டில் முட்டாமல் இருக்கிறதா என்பதை இதே வேளையில் கையால் அசைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் கொஞ்சம் சுழல வேண்டும்.

ராட் கீழே, கேபிள் வெளியேறும் பக்கம் மேலே. அப்போதுதான் மழைநீரும் மணலும் சீலில் தேங்காது. கேபிளை மேலிருந்து நேராகக் கனெக்டருக்கு இறக்காமல், ஒரு தொங்கல் விட்டு, அந்தத் தொங்கலின் அடியிலிருந்து ஏற்றிக் கொண்டுபோங்கள். தண்ணீர் அந்த அடியிலேயே சொட்டிவிடும்.

வீல் ஸ்பீடு: ஆலன் போல்ட்டை எண்ண வைத்ததுதான் ரெட்டை வேகத்துக்குக் காரணம். எம்6 ஆலன் தலையின் நடுவில் 5 மி.மீ. குழி. இடைவெளி குறுகும்போது சென்சார் தலையின் இரு விளிம்பையும் தனித்தனியாகப் பார்த்து ஒன்றை இரண்டாக எண்ணுகிறது. இடைவெளி கூடும்போது ஒன்றுமே தெரிவதில்லை, சுழி. வலது வளைவில் எடை முழுக்க இடது முன் வீலுக்கு வரும், பேரிங் ஆட்டமும் அப்ரைட்டின் (வீல் ஹப்பைத் தாங்கும் துண்டு) வளைவும் சேர்ந்து இடைவெளியை மாற்றும். உங்கள் அறிகுறி இதோடு அப்படியே பொருந்துகிறது. இடது முன் பேரிங் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், சென்சாரை விட அது முக்கியம். போல்ட் எஸ்எஸ் 304 என்றால் காந்தம் பிடிக்காது, சென்சாருக்கு அது கண்ணிலேயே படாது. ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள்.

நிரந்தரத் தீர்வு, 3 மி.மீ. மைல்ட் ஸ்டீலில் லேசர் வெட்டிய 24 பல் வளையம், விட்டம் 120 மி.மீ. பல்லும் இடைவெளியும் சமமாக இருந்தால் ஒவ்வொன்றும் சுமார் 7.8 மி.மீ. வரும், சாதாரண ஹால் சென்சாருக்கு நன்றாகப் போதும். ஹப்பில் மாட்டிய பிறகு ஆட்டம் 0.2 மி.மீ.க்குள். சென்சார் இடைவெளி 1 மி.மீ., ஃபீலர் கேஜ் வைத்து, பல்லுக்கு நேராக. சென்சாரைப் பிடிக்கும் பிராக்கெட் அப்ரைட்டில் இருக்கட்டும், விஷ்போனில் (சஸ்பென்ஷன் கையில்) அல்ல. லாக் நட் இரண்டும் இறுக்கி லாக்டைட் 243 ஒரு சொட்டு. டிஸ்க் சூடு நேராக அடிக்கிற இடமானால் நடுவில் ஒரு தகடு மறைப்பு வையுங்கள்.


மீனாட்சிபுரம் டேட்டா:

பின் டேம்பர் அலை பத்தி ஒரு கணக்கு சொல்றேன், பேப்பர்ல போட்டுப் பாருங்க. நாலு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். ஒரு சுத்துக்கு ரெண்டு வெடிப்பு. 6000 ஆர்பிஎம்ல நொடிக்கு 100 சுத்து, 200 வெடிப்பு. பிராக்கெட் அந்த 200 ஹெர்ட்ஸ்ல நடுங்குது. நீங்க நொடிக்கு 100 தடவைதான் பதிவு பண்றீங்க. 6000ல ஒவ்வொரு பதிவும் நடுக்கத்தோட அதே இடத்துல விழும், கோடு நேரா தெரியும். 6150ல வெடிப்பு 205, மிச்சம் 5 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு அஞ்சு தடவை வண்டி துள்ளுற மாதிரி ஒரு அலை கிராஃப்ல முளைக்கும். நிஜத்துல அப்படி ஒரு துள்ளல் இல்லவே இல்லை. ஆர்பிஎம் ஏற ஏற அலையோட வேகமும் மாறுதான்னு பாருங்க, மாறினா இதேதான்.

டேம்பர் சேனல்களை மட்டும் 500 ஹெர்ட்ஸுக்கு ஏத்தி ஒரு லேப் ஓடுங்க. அலை மறைஞ்சு நிஜ நடுக்கம் தெரியும். பிராக்கெட்டைச் சரி பண்ணின பிறகு 200 போதும். பிரேக் பிரஷர் 100, ஸ்டியரிங் 50 அல்லது 100, தண்ணி, ஆயில் சூடு 1 அல்லது 2. சூட்டை 100ல பதிவு பண்ணி மெமரியை நிரப்பாதீங்க. பதிவுக்குப் பிறகு ஸ்மூத் பண்ணிக்கலாம்னு நினைக்கிறது தப்பு. 100 ஹெர்ட்ஸ்ல உள்ள வந்துட்ட பொய் அலையை எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது.

வீல் ஸ்பீடுக்கு லேத் அண்ணா சொன்ன 24 பல்லுக்கு என் ஓட்டும். டயர் சுத்தளவு 1.75 மீட்டர்னு வெச்சுக்கிட்டா, மணிக்கு 40 கிலோமீட்டர்ல நாலு போல்ட் நொடிக்கு 25 பல்ஸ்தான் தரும். ரெண்டு பல்ஸுக்கு நடுவுல 40 மில்லிசெகண்ட். வீல் லாக் ஆகி விடுபட்டதே தெரியாது. 24 பல்லுல அதே வேகத்துக்கு 150க்கு மேல. 180 கிலோமீட்டர்ல சுமார் 690 ஹெர்ட்ஸ் வரும், உங்க லாகரோட டிஜிட்டல் உள்ளீடு அதைத் தாங்குமான்னு மட்டும் பாருங்க. ஹால் சென்சார் ஓப்பன் கலெக்டர் வகைன்னா (தானா வோல்ட் தராம எர்த்துக்கு மட்டும் இழுக்கிறது) சிக்னலுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவுல 2.2 கிலோஓம் புல்-அப் வேணும். லாகருக்குள்ளயே இருந்தா வெளிய வேண்டாம்.

சுத்தளவை டயர் மேல எழுதின சைஸை வெச்சுக் கணக்கு போடாதீங்க. டிரைவரை உக்கார வெச்சு, சூடான டயர் பிரஷர்ல, டயருக்கும் தரைக்கும் சாக்பீஸ் கோடு போட்டு, அஞ்சு சுத்து தள்ளி அளந்து அஞ்சால வகுங்க.

லாகர் பெட்டி: உள்ளயே ஜி சென்சார் இருந்தா வண்டியோட எடை மையத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. அரை மீட்டர் தள்ளி வெச்சா, வண்டி நொடிக்கு 1 ரேடியன் வேகத்துல திரும்பும்போது 0.05 ஜி பொய்யா சேரும். சீட்டுக்குப் பின்னாடி, ஃபயர்வாலுக்கு இந்தப் பக்கம், குழாய்க்கு மேல நிக்கிற தகடுல நாலு எம்4 போல்ட். தரைப் பலகை மேல வேண்டாம், அது முரசு மாதிரி அதிரும். வெல்க்ரோவும் வேண்டாம். ஸ்பிரிட் லெவல் வெச்சு மட்டம் பார்த்துட்டு, ஜி சென்சாரை லாகர்லயே சுழியாக்குங்க.

ஜிபிஎஸ் ஆன்டெனாவை மூக்கு மேல வையுங்க, அடியில 10×10 செ.மீ. அலுமினியத் தகடு. அதுல காந்தம் ஒட்டாது, டபுள் டேப்பும் ஒரு ஸ்க்ரூ பிடியும் போடணும். ஃபைபர் கிளாஸ் மூக்குக்கு அடியில வெச்சாலும் சிக்னல் வரும், கார்பன் ஃபைபர்னா வராது. ரோல் ஹூப் (டிரைவர் தலையைக் காக்கிற வளைவு) குழாய்க்குப் பக்கத்துல வெச்சா வானத்துல ஒரு பகுதி மறையும், லேப் கோடு ரெண்டு மூணு மீட்டர் அப்படி இப்படி நகரும்.

ஜூன், ஜூலையில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து செட்டிபாளையம் வரைக்கும் பலமா வரும். மேற்கே பார்த்து ஓடுற நேரத்துல உச்ச வேகம் குறையும், திரும்பி வரும்போது கூடும். போன மாச லேப்போட ஒப்பிட்டு வீல் ஸ்பீடு சென்சாரைச் சந்தேகப்படாதீங்க. ஜிபிஎஸ் வேகமும் அதே அளவு குறைஞ்சிருந்தா காரணம் காத்துதான்.


கொழிஞ்சை கராஜ்:

ரொம்ப நன்றிங்க அண்ணா எல்லாருக்கும். டீயைக் கழட்டியாச்சு, எம்10×1 ஸ்டீல் டீ வந்துருச்சு. கழட்டினதுல உள்பக்கம் டேப் நூல் நிஜமாவே தொங்கிக்கிட்டு இருந்தது. ஃப்ளஷ் பண்ணிட்டோம். நிப்பிள் சோதனையை அதுக்கு முன்னாடியே பண்ணினோம்: எண் அசையல. ஃபேன் ப்ளக்கைப் புடுங்கினதும் சுழி. எர்த்து மாத்தியாச்சு.

போலிச் சென்சாரை முன் டேம்பர் பக்கம் போட்டா முடி அப்படியே இருக்கு. பின் டேம்பர் பக்கம் போட்டா கோடு சுத்தமா இருக்கு. பின் பிராக்கெட் 1.5 தகடுதான்.

ரெண்டு சந்தேகம். டேம்பர் சுழியை எந்த நிலையில எடுக்கணும்? மழைக்கு கனெக்டர்ல சிலிக்கான் அடைக்கலாமா?


வேலந்தாவளம் வயரிங்:

அப்ப முன்னாடி வயரிங், பின்னாடி பிராக்கெட். முன் வயர் காயில் பக்கம் எங்கயும் போகலைன்னா லாகருக்கு வர்ற 12 வோல்ட்டைப் பாருங்க. ஃப்யூல் பம்ப் லைன்லேருந்து எடுத்திருந்தா கில் ஸ்விட்சுக்குப் பிறகு தனி ஃப்யூஸ் போட்டு நேரா கொண்டு வாங்க.

சிலிக்கான்: காடி வாசம் அடிக்கிற வகையைத் தொடவே தொடாதீங்க. காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், செப்புக் கம்பி உள்ளுக்குள்ள பச்சை பூத்து நாளடைவுல அரிச்சுப் போகும். நியூட்ரல் க்யூர்னு போட்டிருக்கிறதை வாங்குங்க, அதுவும் வயர் வெளிய வர்ற இடத்துல மட்டும். டாய்ச் டிடிஎம் மாதிரி சீல் வெச்ச கனெக்டர்னா சிலிக்கானே வேண்டாம். ஆனா வயர் போகாத காலி ஓட்டைக்கெல்லாம் அடைப்பான் போட்டிருக்கணும். தண்ணி உள்ள போறது பெரும்பாலும் அந்த ஒரு ஓட்டை வழியாத்தான்.


கஞ்சிக்கோடு லேத்:

சுழி இரண்டு தடவை எடுக்க வேண்டும். முதலில் அளவுத் திருத்தம்: பொட்டைக் கழற்றி மேசையில் வைத்து, வெர்னியர் காலிப்பரால் 10, 40, 65 மி.மீ. மூன்று இடத்தில் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 75 மி.மீ.க்கு 5 வோல்ட் என்றால் ஒரு வோல்ட்டுக்கு 15 மி.மீ. வர வேண்டும். மூன்றும் ஒரே கோட்டில் இல்லையென்றால் பொட்டின் தடம் தேய்ந்திருக்கிறது.

பிறகு மாட்டிவிட்டு, சமதளத் தரையில், டிரைவர் உட்கார்ந்து, எரிபொருள் பாதி, டயர் பிரஷர் சரி பார்த்து, வண்டியை முன்னும் பின்னும் ஒரு தடவை உருட்டி நிறுத்தி, அந்த நிலையைச் சுழியாக்குங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே எடுத்தால் டயர் பக்கவாட்டில் கடித்துக்கொண்டு நிற்கும், உயரம் 3, 4 மி.மீ. தவறாக வரும். ஸ்பிரிங் இருக்கையைத் திருகும் ஒவ்வொரு தடவையும் சுழியைத் திரும்ப எடுக்க வேண்டும். டேம்பர் அமுங்குவது கூட்டலா கழித்தலா என்பதை நாலு வீலுக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலை மட்டும் தலைகீழாக இருந்தால் ரோல் கணக்கு மொத்தமும் பாழ்.

புதுப் பின் பிராக்கெட்டை மாட்டியதும், எஞ்சின் அணைந்த நிலையில் லாகரை 500 ஹெர்ட்ஸில் ஓடவிட்டு, பிராக்கெட்டை ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு தட்டுங்கள். கிராஃபில் ஒரே ஒரு கூர்முனை மட்டும் வந்து உடனே அடங்க வேண்டும். மணி அடித்த மாதிரி பத்துப் பன்னிரண்டு தடவை ஆடி அடங்கினால் கஸ்ஸெட் போதவில்லை, திரும்ப லேத்துக்குக் கொண்டுவாருங்கள்.